லிஸ்டில் இல்லாத ஆள்

குழிக்குள் ஆள் இல்லை. பதினாலு வருஷத்தில் தோண்டி எடுத்துக் கப்பலேற்றி அவன் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்களாம். மருமகன் தாளைப் பார்த்து வாசிக்கிறார். ஆள் இல்லாத குழிமேல் ஒரு கல். கல்லைச் சுற்றிக் கம்பித் தடுப்பு. தடுப்பைச் சுற்றி நாற்பது பேர், ஆளுக்கொரு செல்போன். எதைப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கல்லில் எழுத்துத் தேய்ந்து கிடக்கிறது. வாஸ்கோட காமா இங்கேதான் கிடந்தான் என்று யாராவது சொன்னால்தான் உண்டு. கொச்சிக் கோட்டை, பிரான்சிஸ் கோவில், மணி பதினொன்று, வேர்வை. என்னைக் கேட்டிருந்தால் நான் தூத்துக்குடியிலேயே கிடந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகிவிட்டதாம், அதற்குப் பரிசாம், மகளும் மருமகனும் பேசி முடித்துவிட்டார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகன் ரெக்ஸ் சரித்திர வாத்தியார், அவருக்கு எப்போதும் லீவு. நேற்று கோழிக்கோடு, கப்பாடு கடற்கரை. இன்று கொச்சி. ‘வாஸ்கோ வழியில் இரண்டு நாள்’ என்று தாளில் தலைப்பே அடித்து வைத்திருக்கிறார். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவனைக் காரில் உட்காரவைத்துக் கடலைக் காட்டக் கூட்டிவருகிறார். நல்ல மனுஷன்தான். அதுதான் தொந்தரவே, திட்ட முடியவில்லை. என் வீட்டுக்காரி அமலோற்பவம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் விசிறிக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கிறாள். “இதென்ன கோவிலு, ஒரு சுரூபத்தக் காணும். மெழுகுதிரி எங்க வைக்க?” இது சீர்திருத்தக்காரர்கள் கோவில், இங்கே திரி வைக்கிற வழக்கமில்லை என்று மருமகன் விளக்குகிறார். “அப்ப தொம்மைக்கு நான் என்ன செய்ய?” என்கிறாள். தொம்மை அவள் தம்பி. எந்த ஊரில் எந்தக் கோவிலுக்குள் நுழைந்தாலும் அவனுக்கு ஒரு திரி. நாற்பத்தேழு வருஷமாக. நான் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வேன்.

போன் அடிக்கிறது. பஸ்க்கால். எடுக்கவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது. தோணித் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர், நாற்பது வயசு, தோணியில் ஒரு நாள் வாந்தியெடுக்காமல் போய்வந்தவனில்லை, ஆனால் செயலாளர். பழைய தோணித் துறையில் கல் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அவனே எழுதி, நேற்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் செல்லுக்கு அனுப்பிவைத்தான். அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது. மருமகன் வாங்கி ஓட்டல் மேசையில் எல்லார் காதிலும் விழும்படி, வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். ‘சந்தன மாதா தோணி புயலில் சிக்கிப் பாய்மரம் ஒடிந்து பதினோரு நாள் அலைந்தபோது, தன் அறிவாலும் துணிவாலும் வழி கண்டு எட்டு உயிர்களை மினிக்காய்த் தீவில் கரை சேர்த்த தண்டல் இன்னாசி கொரேரா. அந்தப் பயணத்தில், அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உயிர் விட்ட தொம்மை மச்சாது.’ தண்டல் என்றால் பாய்மரச் சரக்குத் தோணிக்குத் தலைவன். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. இன்னாசி கொரேரா நான். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டான். அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசி வரி நான் சொல்லி எழுதுனது,” என்றாள். “பஸ்க்காலுக்குத் தெரியாதுல்லா, நாந்தான் சொன்னேன், அவன் சாகும்போது என்னையத்தான் சொன்னான்னு.” நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லுக்காரன் இன்று பன்னிரண்டு மணிக்கு நாகர்கோவிலுக்கு அடுத்த வேலைக்குக் கிளம்புகிறான். அதற்குள் நான் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் இருந்து வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். ஒரு வார்த்தை.

வழி கண்டு. நேற்றுக் கப்பாட்டிலும் இதுதான். கடற்கரையில் ஒரு தூண், அதில் ஒரு பலகை, வாஸ்கோட காமா இங்கே இறங்கினான், வருஷம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. மே மாசம் இருபதாம் தேதி. அந்தக் கரையில் அந்த மாசத்தில் எவனாவது பெரிய கப்பலை நிறுத்துவானா. மேற்கே கச்சான் காற்றுக்கு மேகம் கறுத்துக்கொண்டு நிற்கும், பத்து நாளில் அடிக்கத் தொடங்கிவிடும், கடல் கரையைத் தோண்டும். உள்ளூர்க்காரன் ஒருத்தன் படகில் போய், இங்கே நிற்காதே, வடக்கே பந்தலாயினிக்குப் போ, அங்கேதான் கடலடி நல்ல அடி, நங்கூரம் பிடிக்கும் என்று கூட்டிக்கொண்டு போனானாம். அதையும் மருமகன்தான் சொன்னார். அந்த உள்ளூர்க்காரன் பேரென்ன? தெரியாது. சரி, அதற்கு முன்னால் ஆப்பிரிக்காக் கரையிலிருந்து நடுக்கடல் தாண்டிக் கோழிக்கோட்டுக்கு வழி சொன்னவன்? மெலிந்தித் துறையில் ஏற்றிக்கொண்ட ஒரு மாலுமி என்கிறார் மருமகன், ஒரு புத்தகம் குஜராத்திக்காரன் என்கிறது, ஒன்று அரபிக்காரன் என்கிறது, ஒன்றில் தொழில் பேர் மட்டும்தான். பேர்? உறுதியாகச் சொல்ல முடியாது, மாமா. உறுதியாகச் சொல்ல முடியாதாம். கப்பலில் எத்தனை பீப்பாய் தண்ணீர், எத்தனை மூட்டை ரொட்டி, எவன் எந்தத் தேதியில் பல் விழுந்து செத்தான் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். வழி சொன்னவன் பேரை எழுத மை இல்லை. அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டது. நான் காறித் துப்பினேன். மணலில்தான். அமலி, “எல்லாரும் பாக்காவ, வயசுக்குத் தக்கன நடங்க,” என்றாள். வயசாம். எண்பத்தொன்று. எண்பத்தொரு வயசில் துப்பக்கூட உரிமையில்லை. என் பேருக்குப் பின்னால் தொங்குகிற கொரேராவே அவன் ஆட்கள் கொண்டுவந்து மாட்டிவிட்டதுதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் பேரை அவன் ஊரில் போய்க் கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். அதற்காக நான் அவனுக்கு வக்காலத்து வாங்க முடியுமா. வழியைக் கண்டான் என்கிறார்கள். கண்டவன் வேறு. இவன் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தவன்.

இங்கே ஒரு வழிகாட்டி நிற்கிறான். கழுத்தில் அட்டை, வெள்ளைச் சட்டை, முப்பது வயசு மலையாளத்துப் பிள்ளை. தமிழ்க் கூட்டத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டான். “இந்தியாவுக்குக் கடல் வழி கண்டுபிடிச்ச ஆளு இவிடெத்தான் அடக்கம் ஆயி,” என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். “யாருக்குக் கண்டுபிடிச்சான்? நாங்க தொலைஞ்சா போயிருந்தோம்?” கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான், பழகிய சிரிப்பு, தினம் ஒரு கிழவன் இதைக் கேட்பான் போலிருக்கிறது. “ஐயா கப்பல்ல ஜோலி பார்த்த ஆளா?” “தோணி.” “அப்ப சரி, கோபம் வரும்,” என்றான். “வழி சொன்னவன் பேரு என்ன, சொல்லு.” அவன் தலையைச் சொறிந்தான். “ஐயா, ரெக்கார்டில் இல்லாத ஆளை நான் எப்படிச் சொல்லும்? இருக்கிறதத்தான் சொல்ல முடியும்.” அது நியாயம் என்பது மாதிரி எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனோ என்னவோ. கழுத்து தானாக அசைந்தது. ரெக்கார்டில் இல்லாத ஆள். இதே வார்த்தை இல்லை, ஆனால் இதே குரல், இதே மாதிரி நியாயமாக, எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கேயோ என்ன எங்கேயோ. என் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். மேலே நீளநீளமாகத் துணி விசிறி தொங்குகிறது, பழைய காலத்துக் கயிறு இழுக்கிற விசிறி. கயிறு சுவர் வழியாக வெளியே போகிறது. உள்ளே துரைக்குக் காற்று, இழுத்தவன் வெளியே வெயிலில். கோபத்துக்கு ஒரு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கயிற்றின் மேல் கோபமாக இருந்தேன். நிற்கவில்லை அது.

மருமகன் விடுவதாயில்லை. கோபக்காரக் கிழவனுக்குப் பிடித்த விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தாளைத் திருப்புகிறார். “மாமா, இதக் கேளுங்க, உங்களுக்குப் பிடிக்கும். வரும்போது அந்த மாலுமி கூட இருந்தான். மெலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு இருபத்து மூணு நாள். திரும்பிப் போகும்போது அவன் இல்ல. காத்து மாறட்டும், பொறுத்துப் போன்னு உள்ளூர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். இவரு கேக்கல. கெளம்பிட்டாரு. அதே கடல், மூணு மாசம். முப்பது பேர் செத்தாங்க. பேச்சக் கேக்காததுக்கு முப்பது பேர்.” வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், நல்ல மார்க்கு எதிர்பார்க்கிற பையன் மாதிரி. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மரம் வழவழவென்று இருக்கிறது, நூறு வருஷத்துக் கை வேர்வை. பேச்சைக் கேட்காததுக்கு. முப்பது. எனக்கு ஒன்றுதான். முப்பதுக்கு ஒன்று சின்னக் கணக்கு. அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா. பெஞ்சில் அமலியின் பின்கழுத்து தெரிகிறது. நரைத்த கொண்டை, கழுத்தில் அந்த மடிப்பு. தொம்மைக்கும் அதே மடிப்பு. இருபத்து நாலு வயசில் யாருக்கும் கழுத்தில் மடிப்பு விழாது, அவனுக்கு இருந்தது, வீட்டு வாகு. பாய்மரம் ஒடிந்து விழுந்தபோது அவன் இடுப்பில் விழுந்தது. புயலில் மாட்டி மூன்றாவது நாள் அது. மாலித் தீவில் சரக்கு இறக்கிவிட்டுக் காலித் தோணியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம், ஐப்பசி, கிழக்கிலிருந்து அடித்தது, நிற்காமல் மேற்கே தள்ளியது. காம்பஸ் பெட்டியோடு போய்விட்டது. மேகம் மூடி நட்சத்திரம் கிடையாது. ஒடிந்த மரத்தில் ஒரு கந்தல் பாயைக் கட்டிக்கொண்டு, நான் வடகிழக்கே வைக்கச் சொன்னேன். வீடு அந்தப் பக்கம். வேறெந்தப் பக்கம் வைப்பான் ஒரு தண்டல். ஒன்பதாம் நாள் வெயில் வந்தது. தண்ணீர் ஆளுக்குக் கால் செம்பு. அன்றைக்குத்தான் அந்த ஆள் என்னிடம் வந்தான். சமையல்காரனுக்கு ஒத்தாசையாக இருந்தவன். மினிக்காய்க்காரன். மாலியில் வேலையில்லாமல் கிடந்தான், தூத்துக்குடி வரை ஏற்றிக்கொள்ளுங்கள், அங்கிருந்து கல்கத்தா போய்க் கப்பலில் சேர்ந்துகொள்வேன் என்றான். ஏற்றிக்கொண்டேன். துறைமுகத்துக்குக் கொடுக்கிற ஆள் லிஸ்டில் ஏற்கெனவே ஒன்பது பேர் எழுதி முத்திரை குத்தியாகிவிட்டது, பத்தாவது ஆளை எழுத வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். எல்லாத் தோணியிலும் செய்கிறதுதான். லிஸ்டில் இல்லாமல் ஒரு ஆள் வருவான், போவான், யாரும் கேட்க மாட்டார்கள். அவன் மேற்கே கையைக் காட்டினான். “தண்டல், அங்க பாருங்க. மேகத்துக்கு அடி பச்சையா இருக்கு.” பார்த்தேன். நாலைந்து மேகம் ஒரே இடத்தில் நின்றது. மற்றதெல்லாம் நகர்கிறது, அது நகரவில்லை. அடிப்பக்கம், ஆமாம், ஒரு மாதிரி வெளிர்ப் பச்சை. “கீழ ஆழமில்லாத தண்ணி. தீவுக்குள்ள நிக்கிற தண்ணி. அந்த நெறந்தான் மேல தெரியுது. எங்க ஊரு அது. திருப்புங்க.” பொடி வைத்துப் பேசவில்லை, சும்மா சொன்னான், அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. வீட்டுக்கு முதுகைக் காட்டு என்கிறான். ஒரு சமையல் ஒத்தாசைக்காரன். லிஸ்டில் இல்லாதவன். போய்ப் பாத்திரத்தக் கழுவு என்றேன். கழுவத் தண்ணீர் ஏது. அதுகூட யோசிக்காமல் சொன்னேன். அவன் போய்விட்டான். சாயங்காலம் மறுபடி வந்தான். மறுநாள் காலை மறுபடி வந்தான். மேகம் அங்கேயேதான் நின்றது. மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. திறந்தவன் ஒருத்தன்தான். பாய்க் கந்தல் மேல் படுத்துக் கிடந்தவன், உதடு வெடித்து, கண் மட்டும் தெளிவாக. “அத்தான். அவன் சொல்றதக் கேளுங்க.” நான் கை ஓங்கினேன். படவில்லை. படவில்லை என்றுதான் நாற்பத்தேழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டது. கன்னத்தில். காய்ச்சல் சூடு கையில் ஒட்டியது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. அக்காவைச் சொல்லவில்லை, மாதாவைச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பதினோராம் நாள் விடியும்போது போய்விட்டான். அப்புறம்தான் திருப்பினேன். அன்று சாயங்காலமே விளக்குக் கூண்டு தெரிந்தது. வெள்ளையாக, உயரமாக, தென்னை மரத்துக்கெல்லாம் மேலே. காலையில் செத்தான், சாயங்காலம் கரை. ஒன்றரை நாள் முன்னால் திருப்பியிருந்தால்.

திருப்பியிருந்தால் என்ற வார்த்தையோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அமலியோடு ஐம்பது, அதோடு நாற்பத்தேழு. கரையில் இறங்கியதும் அதிகாரி வந்தார், நோட்டைத் திறந்தார், எத்தனை பேர் என்றார். ஒன்பது பேர், ஒருத்தர் இறந்துவிட்டார், எட்டு என்றேன். பக்கத்தில் அவன் நின்றான். தலையை எண்ணினால் ஒன்பது. அவனைத் திரும்பிப் பார்த்தேன். போ என்று கண்ணைக் காட்டினேன். லிஸ்டில் இல்லாத ஆளைக் கொண்டுவந்தது தெரிந்தால் அவனுக்கும் வழக்கு எனக்கும் வழக்கு. அவனைக் காப்பாற்றத்தான் செய்தேன். அன்றைக்கு அது உண்மை. மறுநாள் பாதி உண்மை. தூத்துக்குடியில் மாலை போட்டுப் படம் எடுத்துப் பேப்பரில் போட்டபோது, எப்படி வழி கண்டீர்கள் தண்டல் என்று கேட்டபோது, மேகத்தின் அடி பச்சையாக இருந்தது, அதை வைத்துக் கண்டேன் என்றேன். நான் கண்டேன். அவன் வார்த்தையையே எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அதற்கு எந்த வழக்கும் காரணமில்லை. அவன் சும்மா போய்விடவுமில்லை. இரண்டாம் நாள் இளநீர்க் குலையும் ஒரு சாக்கு மாசிக் கருவாடும் கொண்டுவந்து தோணியில் வைத்துவிட்டு, தொம்மையைப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு சொல் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் ஆறியிருக்கும். நாலு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது, யாரையோ பிடித்துத் தமிழில் எழுத வைத்திருந்தான், தண்டல் சுகமா, உங்கள் மச்சினனை மறக்கவில்லை என்று. கீழே பேர். அமலி அடுப்படியில் இருந்தாள். கிழித்து வாசல் சாக்கடையில் போட்டேன். எழுத்து தண்ணீரில் கரைந்து போகிறவரை நின்று பார்த்தேன். அப்படி இருக்கும்போது இங்கே வந்து ஐந்நூறு வருஷத்துப் பிணத்தோடு சண்டை. வாஸ்கோவாவது எழுதவில்லை. நான் கிழித்தேன். அவனுக்குப் பேர் தெரிந்திருந்ததோ என்னவோ. எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இருந்தும் கப்பாட்டு மணலில் துப்புகிறேன், வழிகாட்டிப் பிள்ளையை மிரட்டுகிறேன், பேரைச் சொல்லு பேரைச் சொல்லு என்று. வெட்கம் கெட்ட கிழவன். போன் மறுபடி துடிக்கிறது சட்டைப் பைக்குள், மணி பதினொன்றே முக்கால். சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கல் கிடக்கும், மழை பெய்யும், நான் செத்துப்போவேன், அமலி அந்தக் கடைசி வரியைப் போய்ப் போய்த் தடவிப் பார்ப்பாள். தடவுவாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக. ஊருக்குப் பொய் சொல்லலாம். அந்த விரலுக்குச் சொல்ல முடியாது.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “கால் வலிக்கா?” என்றாள். “தொம்மை உன்னையச் சொல்லல,” என்றேன். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. “எப்ப?” “சாகும்போது. அக்காவப் பாத்துக்கங்கன்னு சொல்லல. நான் கட்டுன கத அது.” எங்கள் முன் பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. எனக்குத் தாழ்த்த வராது. எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குத் தெரிந்த அவசரத்தில், பத்தாவது ஆள், மேகம், ஒன்றரை நாள், அவன் மூன்று தடவை வந்தது, தொம்மை சொன்னது, என் கை. கையைச் சொல்லும்போது மட்டும் நின்றுவிட்டேன். பிறகு அதையும் சொன்னேன். முந்தானை மடியில் விழுந்து கிடந்தது. அவள் அழுவாள் என்று இருந்தேன். சத்தம் போடுவாள் என்று இருந்தேன், கோவில் என்றும் பார்க்க மாட்டாள் என்று. அவள் கேட்டது ஒன்றுதான். “பதினோராம் நாளு தண்ணி இருந்துச்சா?” “இருந்துச்சு. கொஞ்சம்.” “கேட்டானா?” “கேக்கல.” “அறஞ்சதுக்கப்புறம் கேக்க மாட்டான்,” என்றாள். “சின்னதுலேயே அப்படித்தான். எங்க அய்யா ஒருநாள் அறஞ்சாருன்னு ரெண்டு நாளு சோறு கேக்கல.” எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், நான் கை கொடுத்தேன், அந்தக் கையைப் பார்த்தாள், பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கம்பித் தடுப்பைத் தாண்டி வாசலுக்கு நடந்துபோனாள். வழிகாட்டி அடுத்த கூட்டத்துக்கு முதலிலிருந்து தொடங்கியிருந்தான். மருமகன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அத்தைக்கு என்ன மாமா?” “கார எடு,” என்றேன்.

ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கிறது என்று எப்போதும் பின்னால் என்னோடுதான் உட்காருவாள். இன்று முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பின் சீட்டில் தனியாக. பெரிய சீட்டு. மருமகன் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் பார்க்கிறார், தாளை மடித்து எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறார், பாவம், இன்னும் மூன்று இடம் பாக்கி அதில். போன். எடுத்தேன். “அண்ணாச்சி, என்ன அண்ணாச்சி நீங்க, பத்து நிமிசம்தான் இருக்கு, கல்லுக்காரன் உளியக் கட்டி வச்சிட்டான், சரியா தப்பா?” “தப்பு. எழுதிக்கோ.” “அய்யோ, இப்பப் போயா. சொல்லுங்க.” “மூசா தக்கரு. மினிக்காய்.” “யாரு அது?” “வழி சொன்ன ஆளு. மேல அவன் பேரப் போடு.” பஸ்க்கால் சிரித்தான், பிறகு நிறுத்தினான். “அப்படி ஒரு ஆளே இல்லையே அண்ணாச்சி. துறைமுக ஆபீசுல லிஸ்ட் நகல் வாங்கிப் பாத்துத்தான எழுதுனேன். ஒன்பது பேருதான்.” “லிஸ்ட எழுதுனது நாந்தாம்ல.” தூத்துக்குடி வெயிலில் ஒரு லாரி ஹாரன் மட்டும் கேட்டது. “அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா? அக்காட்டக் குடுங்க.” அமலி திரும்பவில்லை. கொண்டைக்குக் கீழே அந்த மடிப்பு. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி. “கடைசி வரிய எடுக்கச் சொல்லுங்க. தொம்மை என்ன சொன்னானோ அதப் போடச் சொல்லுங்க.” எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஊரே வந்து போகிற துறை. ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகிறார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஆட்கள். வேண்டாம் அமலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். “எழுது,” என்றேன் போனில். “அத்தான், அவன் சொல்றதக் கேளுங்க. தொம்மை மச்சாது. அவ்வளவுதான்.” “உங்க பேரு?” “எட்டுப் பேருல ஒருத்தன். எட்டையும் போடு, கீழ, சின்னதா.” பஸ்க்கால் எழுதுகிற சத்தம், அல்லது எழுதாமல் நிற்கிற சத்தம். “அண்ணாச்சி, ஒண்ணு யோசிங்க. இதப் படிக்கிறவன் கேப்பான்ல்லா, யாரு சொன்னத யாரு கேக்கலன்னு.” “கேக்கட்டும்,” என்றேன். “நான் இன்னும் இருக்கேன்ல்ல.”